ஸபாத்: நறுமணத்தின் பின்னே ஓர் உயிர்

தென்னிந்தியக் கடற்கரையோர அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் 'ஃபத்ஹுல் முஈன்' தனியிடம் உடையது. பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் தாமே இயற்றிய 'குர்ரத்துல் ஐன்' என்னும் சுருக்க நூலுக்கு ஹிஜ்ரி 982-இல் எழுதி முடித்த விரிவுரை அது. அதில் தொழுகையின் நிபந்தனைகளைப் பேசும் பகுதியில், அசுத்தங்கள் பற்றிய விளக்கத்தினிடையே ஒரு சிறு செய்தி வருகிறது. ஸபாத் தூய்மையானது என்றும், அதில் கலந்திருக்கும் மூன்று முடிகள் போன்ற சிறிதளவு மன்னிக்கப்படும் என்றும் நூலாசிரியர் கூறுகிறார். பிறகு அந்தச் சிறிதளவு என்பதை எங்கே கணக்கிடுவது என்று ஆராய்கிறார். நாம் விரலில் எடுத்த துளியிலா, அல்லது எடுக்கப்பட்ட பாத்திரம் முழுவதிலுமா? தம் ஆசிரியர் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டி, பொருள் கட்டியாக இருந்தால் எடுத்த அளவைப் பார்க்க வேண்டும் என்றும், நீர்மமாக இருந்தால் முழுவதையும் ஒரே பொருளாகக் கொள்ள வேண்டும் என்றும் தெளிவுபடுத்துகிறார்.

இந்தப் பகுதியை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஸபாத் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால், 'ஒருவகைப் பூனையிலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருள்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எனக்கு ஓதித் தந்த பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊரொன்றிலிருந்து வந்து ஓதிய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், அது எங்கள் பக்கத்துப் புனுகுப்பூனைதானே? அதற்கு எப்படி முடி கலக்கும்? அதைப் பிடித்துச் சுரண்டினால்தானே கலக்கும்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. மூன்று முடிகளை எண்ணத் தெரிந்த எனக்கு, அந்த முடிகள் எந்த உடலிலிருந்து, எவ்வாறு வந்தன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே என்ற வெட்கம் அன்று ஏற்பட்டது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலங்கடந்து நான் தேடிய விடையாகும்.

சொல்லின் பயணம்

அரபியில் 'ஸபாத்' என்பது புனுகையும், 'சின்னவ்ருஸ் ஸபாத்' என்பது அதனைத் தரும் விலங்கையும் குறிக்கும். 'ஸபத்' என்றால் நுரை. 'ஸுப்த்' என்றால் வெண்ணெய். விலங்கின் உடலிலிருந்து எடுக்கும்போது வெண்ணெய் போன்று குழைவாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருந்து, நாட்பட நாட்படக் கறுத்துப் போகும் அப்பொருளுக்கு இதே வேர் எழுத்துக்களில் அமைந்த பெயர் பொருத்தமானதே. இச்சொல் மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலியில் 'ஸிபெத்தோ' என்றும், பிரெஞ்சில் 'சிவெத்' என்றும், ஆங்கிலத்தில் 'சிவெட்' என்றும் உருமாறியது. லின்னேயஸ் 1758-இல் ஆசியப் பெரும்புனுகுப்பூனைக்கு 'விவெர்ரா ஸிபெத்தா' என்று அறிவியற்பெயர் சூட்டியபோதும் அரபுச் சொல்லே அதில் குடியேறியது.

தமிழில் புழுகு என்றும் புனுகு என்றும் இதற்குத் தனிச்சொல் பண்டே உண்டு. சங்க இலக்கியத்தில் காட்டுப்பூனையைக் குறிக்கும் 'வெருகு' என்னும் சொல், இன்றைய மலையாளத்தில் புனுகுப்பூனையின் பெயராக வழங்குகிறது. சவ்வாது என்னும் சொல்லையும் அரபு ஸபாத்தோடு தொடர்புபடுத்துவர். சேது நாட்டில் வாழ்ந்து, முஹ்யித்தீன் ஆண்டவர் மீது பிள்ளைத்தமிழ் பாடிய புலவர், ஜவ்வாதுப் புலவர் என்றே அறியப்படுகிறார். நம் திருமண வீடுகளிலும் மவ்லிது மஜ்லிஸ்களிலும் சந்தனத்தோடு சவ்வாதும் பரிமாறப்பட்ட காலத்தை முதியோர் பலர் இன்னும் நினைவுகூர்வர். இன்று கடைகளில் அப்பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பல வாசனைப் பொருட்கள் சேர்ந்த பொடியேயாகும். பொருள் மறைந்த பின்னும் பெயர் மணக்கிறது.

பெயரில் பூனை இருந்தாலும் இது பூனை இனத்தைச் சேர்ந்ததன்று. விலங்கியலார் இதனையும் மரநாயையும் தனியொரு குடும்பத்தில் வைப்பர். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் சிறு புனுகுப்பூனை, சாம்பல் கலந்த பழுப்பு உடலில் வரிசை வரிசையாகப் புள்ளிகளும் வாலில் கறுப்பு வளையங்களும் கொண்டது. பகலில் புதரிலும் பொந்திலும் உறங்கி, இரவில் எலி, பூச்சி, முட்டை, பழம் எனக் கிடைத்ததை உண்ணும். அதன் வாலடியில் ஆண், பெண் இரண்டுக்குமே ஒரு சுரப்பிப் பை உண்டு. கல்லிலும் மரத்தூரிலும் அதனை உரசி, தன் வரவையும் எல்லையையும் தன் இனத்தாருக்கு அது அறிவிக்கிறது. ஆக, புனுகு என்பது அவ்வுயிரின் பேச்சு. வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்லும் ஒன்று, வாசனையால் பேசிய பேச்சைத்தான் மனிதன் குப்பியில் அடைத்தான்.

கடலில் வாழ்ந்த பூனை

ஃபுகஹாக்களின் உலகில் இவ்விலங்கு நுழைந்த கதை சுவையானது. ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களும், அவருக்குப் பின் ஹிஜ்ரி 502-இல் மறைந்த இமாம் ரூயானீ (ரஹ்) அவர்களும், ஸபாத் என்பது கடலில் வாழும் ஒரு பூனையின் பால் என்று எழுதினர். மணத்தில் கஸ்தூரியைப் போலவும் வெண்மையில் பாலைப் போலவும் இருக்கும் அதனைக் கடலோடிகள் வாசனைக்குப் பயன்படுத்துவதாக அவர்களுக்குச் செய்தி கிடைத்திருந்தது. அவர்களை நாம் குறைகூற இயலாது. பக்தாதின் சந்தைக்கு அப்பொருள் கப்பலில் வந்தது. கொண்டு வந்தவர்கள் கடலோடிகள். கடலிலிருந்து இறங்கியதைக் கடலில் பிறந்ததாகவே கருதிவிட்டனர். அம்பர் உண்மையிலேயே கடல் தந்த வாசனையாக இருந்ததும் இந்த எண்ணத்திற்குத் துணை செய்திருக்கலாம்.

சட்டம் அந்தச் செய்தியின் மீதே கட்டப்பட்டது. கடல்வாழ் உயிரினம் ஹலால் என்றால் அதன் பாலும் தூயதே. இந்த இடத்தில்தான் ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் அறிவு நேர்மை ஒளிர்கிறது. 'அல்மஜ்மூஃ' என்னும் பெருநூலில் முன்னோரின் கூற்றை எடுத்துரைத்த பின், இத்துறையில் அனுபவமுள்ள நம்பகமானவர்கள் பலரிடம் தாம் கேட்டறிந்ததாகவும், ஸபாத் என்பது நிலத்தில் வாழும் ஒரு காட்டுப்பூனையின் வியர்வை என்று அவர்கள் கூறுவதாகவும் எழுதுகிறார். ஆகவே அது தூயது என்ற முடிவு மாறவில்லை, காரணம் மாறிவிட்டது. அத்துடன் ஒரு புதிய எச்சரிக்கையும் பிறந்தது. உண்ணத் தகாத விலங்கின் முடி, அது உயிரோடிருக்கும்போதே பிரிந்துவிட்டால், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அசுத்தமாகும். ஸபாத்தில் அத்தகைய முடி கலந்திருப்பது வழக்கம் என்பதால், முடி உள்ளதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் இமாமவர்கள்.

ஃபத்ஹுல் முஈன் பேசும் மூன்று முடிகள் இங்கிருந்தே வருகின்றன. கடல் பூனைக்கு முடிப் பிரச்சினை எழவில்லை. நிலத்துப் பூனை வந்ததும் அதுவும் கூட வந்தது. இயற்கை பற்றிய ஒரு தகவல் திருந்தியதால் ஃபிக்ஹின் ஒரு கிளை திருந்தியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வேட்டைக்காரரிடமும் வணிகரிடமும் கேட்டறிவதை அந்தப் பேரறிஞர் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை என்பதை நம் மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஹனஃபீ மத்ஹபு நூல்களும் ஸபாத்தைத் தூயது என்றே கூறும். கஸ்தூரியைப் போல அதுவும் தன் மூலநிலை மாறி நறுமணமாகிவிட்டது என்பது அவர்கள் தரும் காரணம்.

நவவீக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த எகிப்திய அறிஞர் தமீரீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 808), தம் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்குக் களஞ்சியத்தில் இப்பூனைக்குத் தனித் தலைப்பே தருகிறார். வீட்டுப்பூனையை விட உடல் பெரியது, வால் நீளமானது, நிறம் கருமை சார்ந்தது, சிலவேளை புள்ளிகளும் உண்டு, ஹிந்திலிருந்தும் ஸிந்திலிருந்தும் கொண்டு வரப்படுகிறது என்று வருணிக்கிறார். அந்தப் பொருள் கறுத்துப் பிசுபிசுக்கும் அழுக்குப் போன்றது என்றும், அதன் துர்நாற்றத்தினூடே கஸ்தூரி மணம் கலந்திருக்கும் என்றும், சிறு கரண்டியாலோ மெல்லிய திர்ஹம் நாணயத்தாலோ அது வழித்தெடுக்கப்படும் என்றும் எழுதுகிறார். நாணயத்தால் சுரண்டி எடுத்து நாணயத்திற்கு விற்ற அப்பொருளின் வரலாறு முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது.

கூண்டோடு கடல் கடந்தவை

ஹிந்திலிருந்து வந்தது என்று தமீரீ எழுதினாலும், புனுகு வணிகத்திற்கு ஆப்பிரிக்காவும் பெருந்துணையாக இருந்தது. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் இருந்த எனாரியா, கஃபா ஆகிய நாடுகளிலிருந்து தங்கம், தந்தம், அடிமைகள் ஆகியவற்றோடு புனுகும் ஒட்டகம், கோவேறு கழுதை வரிசைகளில் கோண்டர் வழியாகச் செங்கடல் துறைமுகமான மஸ்ஸாவாவை அடைந்தது. மாட்டுக் கொம்புகளில் அடைத்து அதனைக் கொண்டு சென்றனர். ஜபர்தீ எனப்படும் எத்தியோப்பிய முஸ்லிம் வணிகர்கள் இதில் முக்கியப் பங்கு வகித்தனர். ஜிம்மா முதலிய பகுதிகளில் புனுகுப்பூனை வளர்ப்பு முஸ்லிம் குடும்பங்களின் பரம்பரைத் தொழிலாகவே வேரூன்றியது. உலகச் சந்தைக்குச் செல்லும் இயற்கைப் புனுகின் பெரும்பகுதி எத்தியோப்பியாவிலிருந்தே சென்று வந்துள்ளது.

கிழக்கே சுமத்ராவின் ஆச்சே நாடும் இதற்குப் புகழ் பெற்றிருந்தது. அக்பரின் அவைக்களத்து வாசனைத் திரவியங்களைப் பட்டியலிடும் அபுல் ஃபஸல், தம் 'ஆயினே அக்பரீ'யில் ஆச்சேயிலிருந்து வரும் ஸபாத்தே தலைசிறந்தது என்று குறிப்பிடுகிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரம் புனுகு வணிகத்தின் ஐரோப்பிய மையமாயிற்று. பின்னாளில் 'ராபின்சன் குரூசோ' எழுதிப் புகழ் பெற்ற டேனியல் டீஃபோ, 1692-இல் லண்டனை அடுத்த ஓரிடத்தில் 70 புனுகுப்பூனைகள் கொண்ட பண்ணையில் பணம் போட்டு, அதே ஆண்டில் கடனில் மூழ்கி நொடித்துப் போனார்.

பொருள் மட்டுமன்றி விலங்கும் பயணம் செய்தது. நம் நாட்டுச் சிறு புனுகுப்பூனை இன்று மடகாஸ்கர், கொமொரோ தீவுகள், ஸன்ஜிபார், பெம்பா, ஸுகுத்ரா ஆகிய தீவுகளில் வாழ்கிறது. அவை அதன் தாயகம் அல்ல. கொமொரோவும் ஸன்ஜிபாரும் ஸுகுத்ராவும் அரபு மரக்கலங்கள் காலங்காலமாகத் தங்கிச் சென்ற துறைகள் என்பதை வரைபடத்தில் பார்த்த மாத்திரத்தில் உணரலாம். வாசனைக்காகக் கூண்டோடு ஏற்றிச் செல்லப்பட்டு, தப்பியோ விடப்பட்டோ அங்கே குடியேறியவற்றின் வழித்தோன்றல்கள் அவை என்பது ஆய்வாளர் கருத்து. நம் முன்னோரின் கடல் வணிகம் மார்க்கத்தையும் மொழியையும் மட்டுமன்றி, ஓர் உயிரினத்தையும் இந்தியப் பெருங்கடலெங்கும் விதைத்திருக்கிறது.

மலபாரில் மறைந்தது

இங்கே ஃபத்ஹுல் முஈன் எழுதப்பட்ட மண்ணுக்கே திரும்புவோம். 1862-இல் எட்வர்ட் பிளைத் என்னும் விலங்கியலார் மலபாரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு ஒரு பெரிய புனுகுப்பூனையைத் தனியினமாக விவரித்தார். மலபார்ப் புனுகுப்பூனை எனப்படும் அது, மலபார்க் கரையோரத்தில் சாதாரணமாகக் காணப்படுவதாக 19ஆம் நூற்றாண்டு நூல்கள் கூறின. நூறாண்டுக்குள் அதனைக் கண்டவர் எவருமில்லை என்ற நிலை வந்தது. கரையோரக் காடுகள் தோட்டங்களாயின. விலங்கு அற்றுப்போனதாகவே எண்ணினர். 1987-இல், பொன்னானி அமைந்துள்ள அதே மலப்புரம் மாவட்டத்தில், எளயூர்ப் பகுதியில் கொல்லப்பட்டவற்றின் தோல்கள் கிடைத்தபோது சிறு நம்பிக்கை துளிர்த்தது. பின்னர் கேமராப் பொறிகள் வைத்துத் தேடியும் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக அருகிய இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது.

2010-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை வேறொரு வினாவை எழுப்பியது. இப்படியொரு தனியினம் மலபாரில் இயற்கையாகவே இருந்ததா? அல்லது புனுகு வணிகத்திற்காகக் கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கூண்டில் வளர்க்கப்பட்டவை தப்பிப் பெருகி, அவற்றையே பிளைத் தனியினமாக எண்ணினாரா? இவ்வினா இன்னும் தீரவில்லை. ஆனால் இரண்டில் எது உண்மையாயினும் வரலாற்று மாணவனுக்கு அது படிப்பினைதான். முதலாவது உண்மையென்றால், மக்தூம் (ரஹ்) அவர்கள் சட்டம் எழுதிய காலத்தில் அவர் ஊரைச் சூழ்ந்த காட்டில் உலாவிய ஓர் உயிர், நம் தலைமுறையின் கண்ணெதிரே மறைந்திருக்கிறது. இரண்டாவது உண்மையென்றால், மிளகு ஏற்றச் சென்ற கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய ஓர் அந்நியன் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பெயர் பெற்று, அங்கேயே அழிந்திருக்கிறது.

கூண்டின் உள்ளே

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். முடி எப்படிக் கலந்தது?

எத்தியோப்பியப் பண்ணைகளைக் கண்டு எழுதியவர்கள் தரும் செய்திகள் படிக்க எளிதானவை அல்ல. காட்டில் பிடிக்கப்பட்ட ஆண் விலங்கைக் குச்சிகளால் முடைந்த நீண்ட, குறுகிய கூண்டில் அடைப்பர். அது திரும்பவும் முடியாத அளவுக்குக் கூண்டு ஒடுக்கமானது. திரும்பினால் கடிக்கும் என்பதே காரணம். சுரப்பு மிக வேண்டுமென்று குடிசையில் நெருப்பு மூட்டிப் புகையும் வெப்பமும் குறையாமல் வைத்திருப்பர். பத்து நாட்களுக்கு ஒருமுறை அளவில், கூண்டின் பின்புறமாக வாலையும் பின்னங்கால்களையும் இழுத்துப் பிடித்து, பையைப் பிதுக்கிக் கரண்டியால் வழித்தெடுப்பர். பிடிபட்டவற்றில் பல தொடக்க வாரங்களிலேயே இறந்துபோவதும் உண்டு. எஞ்சியவை தம் இனத்தின் முகத்தையே காணாமல் ஆண்டுக்கணக்கில் அதே கூண்டில் வாழும். வறிய குடும்பங்கள் பாலும் முட்டையும் இறைச்சியும் தந்தே அவற்றை வளர்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத உணவைக்கூட அவற்றுக்கு இட்டவர்கள் உண்டு. கொடுமை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை. கூண்டைப் பற்றி மாற்றி யோசிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தென்னிந்தியாவில் வேறொரு முறையும் இருந்தது. கூண்டினுள் ஒரு மரக்கழியை நட்டு வைத்துவிடுவர். விலங்கு தன் இயல்பின்படி தானே வந்து உரசும். கழியில் படிந்ததைச் சுரண்டி எடுத்துக்கொள்வர். கூண்டு கூண்டுதான் எனினும், பிதுக்குவதற்கும் காத்திருந்து எடுப்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. திருமலை ஆலயத்தில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்தைத் தொடர்ந்து புனுகு சாத்தும் மரபும் உள்ளதால், இப்பொருளை மதித்த சமுதாயம் நம்முடையது மட்டும் அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலங்குகளைப் பிடிப்பதையும் வதைப்பதையும் தடுக்கிறது.

தேவையும் பெருமளவு தீர்ந்துவிட்டது. 1926-இல் லியோபோல்ட் ருஸிச்கா என்னும் வேதியியலார், புனுகின் மணத்திற்குக் காரணமான 'சிவெட்டோன்' என்னும் பொருள் 17 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு பெரு வளையம் என்று கண்டறிந்தார். அவ்வளவு பெரிய வளையம் இயற்கையில் இருக்கக்கூடும் என்று அதுவரை வேதியியல் எண்ணியதில்லை. 1939-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இவ்வாய்வுக்கும் பங்குண்டு. இப்போது அதே மணத்தைத் தொழிற்சாலையில் உண்டாக்குகின்றனர். விலங்கின்றியே அந்த மணம் கிடைக்கும்போது, விலங்கை வருத்துவதற்கு நிர்ப்பந்தம் என்ற காரணமும் எஞ்சவில்லை.

காப்பியும் நோயும்

புனுகுக்கூண்டு காலியாகும் வேளையில், இதன் உறவினமான மரநாய்க்கு மற்றொரு கூண்டு தயாராயிற்று. பனங்கள்ளைத் திருடிக் குடிக்கும் என்று நம் கிராமங்களில் பழி சுமக்கும் மரநாய், பழந்தின்னி. பழுத்த பழத்தையே தேர்ந்து உண்டு, விதைகளைத் தொலைவில் கொண்டுபோய் எச்சமாக இட்டு, காட்டைத் தானே நடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய், சோலைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளைப் பரப்பும் பணியைச் செய்கிறது. இந்தோனேசியாவில் காப்பிப் பழங்களை உண்டு அது வெளியிடும் கொட்டைகளைச் சேகரித்து 'கோப்பி லுவாக்' என்ற பெயரில் பெருவிலைக்கு விற்கின்றனர்.

எச்சத்தில் கிடைத்த கொட்டை ஹலாலா என்ற வினா எழுந்தபோது, இந்தோனேசிய உலமா சபை 2010-இல் ஃபத்வா வழங்கியது. அது அசுத்தமே உருவானதன்று, அசுத்தம் பட்ட பொருள். கழுவினால் தூய்மையாகிவிடும் என்பது தீர்ப்பு. விலங்கு விழுங்கிய தானியம், விதைத்தால் முளைக்கும் நிலையில் சிதையாமல் வெளிவந்தால் கழுவி உண்ணலாம் என்ற நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கமே இதற்கு அடித்தளம். தீர்ப்பு சரியானதே. ஆனால் காட்டில் பொறுக்குவதை விடக் கூண்டில் அடைத்துக் காப்பிப் பழமே ஊட்டுவது இலாபம் என்று பலர் கண்டுகொண்டனர். பாலித் தீவில் 16 தோட்டங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே கூண்டுகளில் இருந்த மரநாய்களின் நிலை இரங்கத்தக்கது என்று காட்டியது.

சீனாவில் நேர்ந்தது இன்னும் துயரமானது. 2003-இல் சார்ஸ் நோய்க் கிருமியைக் குவாங்டோங் மாகாணச் சந்தையில் விற்கப்பட்ட மரநாய் வகையொன்றில் கண்டனர். 2004 சனவரியில் ஏறத்தாழ 10,000 விலங்குகளைக் கொன்றொழிக்க அம்மாகாண அரசு ஆணையிட்டது. அக்கிருமியின் இயற்கை உறைவிடம் வௌவால்களே என்று 2005-இல் ஆய்வுகள் தெரிவித்தன. பலவகை உயிர்களைச் சந்தையில் கூண்டின் மேல் கூண்டாக அடுக்கி நோய்க்கு வழிசெய்தது மனிதன். தண்டனை பெற்றது அடைக்கப்பட்ட விலங்கு.

இரண்டு பாடங்கள்

இங்கே நான் என் சொந்தத் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபத்ஹுல் முஈனில் ஸபாத் பற்றிய பாடம் முதற்பகுதியில் வருகிறது. அதே நூலில், நஃபக்கா எனப்படும் பராமரிப்புச் செலவுகளின் பாடம் பல மாதங்கள் கழித்து வருகிறது. அதன் இறுதியில் கால்நடைகளின் உரிமை பேசப்படுகிறது. தாய்க்கோ கன்றுக்கோ கேடு விளையுமாறு பால் கறப்பது ஹராம் என்கிறார் மக்தூம் (ரஹ்) அவர்கள். மடியில் சிறிதளவு விட்டுவைப்பதும், கறப்பவர் தம் நகங்களைக் களைந்துகொள்வதும் சுன்னத்து என்கிறார். விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவது ஹராம் என்றும் அங்கேதான் வருகிறது. இரு பாடங்களையும் ஒரே கல்வியாண்டில் நடத்தியிருக்கிறேன். இரண்டும் ஒரே விலங்கைப் பற்றியவையாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பால் கறக்கும் விரலின் நகத்தைக் கவனித்த நூல், புனுகு வழிக்கும் கரண்டியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடும்படியா நமக்குச் சொல்லும்?

ஒன்று பொருளின் தூய்மை பற்றிய கேள்வி. மற்றொன்று செயலின் தூய்மை பற்றிய கேள்வி. ஒரு பொருள் தூயது என்பதனாலேயே அதனைப் பெறும் வழியும் தூயதாகிவிடாது. திருடிய நீரில் செய்த ஒளு ஷாஃபிஈ மத்ஹபில் நிறைவேறும். திருட்டின் பாவமோ அப்படியே நிற்கும் என்று நாமே மாணவர்களுக்குச் சொல்கிறோம். நறுமணத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்பது உண்மை. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்று எச்சரித்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். பூமியில் ஊர்ந்து திரியும் உயிரினங்களும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் 'அல்அன்ஆம்' அத்தியாயம் அறிவிக்கிறது. ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், விலங்குகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைப் பட்டியலிட்டபோது, முதுமையாலும் நோயாலும் பயன் தராது போனதற்கும் உணவளிப்பது கடமை என்று எழுதினார்கள்.

இவ்விரு பாடங்களையும் இணைத்துப் பார்க்க முடியும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உள்ளது. மரநாய்க் காப்பி தூயது என்று 2010-இல் தீர்ப்பளித்த அதே இந்தோனேசிய உலமா சபை, 2014-இல் மற்றொரு ஃபத்வாவை வெளியிட்டது. எல்லா உயிர்களுக்கும் வாழும் உரிமை உண்டு என்றும், அருகி வரும் விலங்குகளைச் சட்டத்திற்குப் புறம்பாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்றும் அது அறிவித்தது. ஒரே அவை, நான்காண்டு இடைவெளியில் இரண்டு கேள்விகளையும் கேட்டது. ஒரே நூலின் இரண்டு பாடங்களைச் சில மாத இடைவெளியில் நடத்தும் நமக்கு அது ஏன் இயலாது?

கடந்த சில ஆண்டுகளாக அந்தப் பகுதிக்கு வரும்போது வகுப்பைச் சற்று நிறுத்துகிறேன். புனுகுப்பூனையின் படத்தைக் காட்டுகிறேன். மாவர்தீயிலிருந்து நவவீ வரை நடந்த தேடலைச் சொல்கிறேன். பிறகு, நஃபக்காப் பாடத்தின் இறுதிப் பக்கத்தை அப்போதே திறக்கச் செய்து, பால் கறப்பவரின் நகம் பற்றிய வரியையும் ஓதச் சொல்கிறேன். பாடத்திட்டத்தின் வரிசை சற்றுக் குலைகிறது. ஒருநாள் கூடுதலாகச் செலவாகிறது. அன்று கேள்வி கேட்ட மாணவர் இப்போது ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவர் ஊர்க் காட்டில் அந்த விலங்கு இன்னும் இரவில் நடமாடுகிறதாம். அது கல்லில் உரசி எழுதுவதை, அதன் இனமே படித்துக்கொள்ளட்டும்.